மனநல மாத்திரை சாப்பிடுபவருக்கு வயிறு வலிக்காதா?

வாசகர் கடிதம்:

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் திருச்சி மாவட்டத்தில் துறையூர் பக்கம் ஒரு கிராமம். எனக்குத் திருமணமாகித் திருப்பூரில் இருக்கிறேன். பனியன் கம்பெனியில் வேலை. ஊரில் அம்மாவும் தம்பியும் மட்டும்தான். தம்பிக்கு 34 வயது. பதினொரு வருடமாக மனச்சிதைவு நோய்க்கு ஓலான்சபின் மாத்திரையும், கூடவே டிரைஹெக்சிபெனிடில் என்ற மாத்திரையும் சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பதெல்லாம் அடங்கி நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் உடம்பு மிகவும் பெருத்துவிட்டது. இரண்டு மாதமாக வயிறு வலிக்கிறது என்கிறான். மலம் கழித்து மூன்று நாள், நான்கு நாள் ஆகிறது. தனியார் கிளினிக் ஒன்றில் காட்டினோம். அவன் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டைப் பார்த்ததும், "இதை அந்த டாக்டரிடமே கேளுங்கள்" என்று சொல்லி, கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

போன மாதம் அம்மாவுக்கு பிரஷர் பார்க்க வீட்டுக்கு வந்த சுகாதாரத் தன்னார்வலர், திண்ணையில் உட்கார்ந்திருந்த தம்பிக்கும் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை 312. அவன் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதும், இரவில் ஐந்தாறு முறை எழுந்து போவதும் அவனுடைய நோயின் குணம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தோம். மனநல டாக்டர், "சர்க்கரைக்குப் பொது மருத்துவரைப் பாருங்கள்" என்கிறார். பொது மருத்துவர், "மனநல டாக்டரிடம் கேட்காமல் மாத்திரை தொடங்க முடியாது" என்கிறார்.

அம்மாவுக்கு 61 வயது. பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் எரிச்சல் என்கிறார். ஈசிஜி எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மருந்துக்கடையில் கேட்டு ஒரு தூக்க மாத்திரையை நான்கு மாதமாக வாங்கிப் போட்டுக்கொள்கிறார். தம்பியைக் குணசீலம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போய் ஒரு மண்டலம் தங்கவைக்க வேண்டும் என்றும் சொல்கிறார். மனதுக்கு ஒரு டாக்டர், உடம்புக்கு ஒரு டாக்டர் என்று எங்களை ஏன் அலைய விடுகிறார்கள்? இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கச் சொல்லிக் கேட்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறதா?

— ஒரு சகோதரி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது, தம்பியின் வயிற்றை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை என்ற வரி. இருபது ஆண்டுகளுக்கு மேல் அரசு மனநலப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். இந்த வரியை வேறுவேறு ஊர்க்காரர்களின் வாயிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதனால் முதலில் வயிற்றைப் பற்றியே பேசுகிறேன். சட்டம், உரிமை எல்லாம் பிறகு.

தம்பி சாப்பிடும் இரண்டு மாத்திரைகளுக்கும் குடலின் அசைவைக் குறைக்கும் தன்மை உண்டு. டிரைஹெக்சிபெனிடிலுக்கு அது கூடுதலாகவே உண்டு. மனநல மருந்துகளால் வரும் கை நடுக்கத்துக்கும் தசை விறைப்புக்கும் அதைக் கொடுப்போம். அது வாயை உலர்த்தும், மலச்சிக்கலை உண்டாக்கும், சிலருக்குச் சிறுநீர் இறங்குவதையும் தடுக்கும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறைதான் மலம் போகிறது, வயிறு வலிக்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஆனாலும் கடிதத்தைப் படித்து வயிற்று வலிக்கு நான் பெயர் வைக்கக் கூடாது. சர்க்கரை 312 இருக்கும் ஒருவருக்கு வயிறு வலித்தால், சர்க்கரை முற்றி ரத்தத்தில் அமிலம் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். அதற்கு முதல்படி, சிறுநீரில் கீட்டோன் பரிசோதனை. சில நிமிட வேலை. தம்பிக்கு வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பிக் காற்றுகூடப் பிரியாமல் போனாலோ, மூச்சு வேகமாக இழுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாக மந்தமாகத் தூங்கி வழிந்தாலோ, யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அம்மாவிடம் இதை இன்றைக்கே போனில் சொல்லிவிடுங்கள்.

அந்த கிளினிக்கில் நடந்ததற்கு வருவோம். அந்த மருத்துவர் கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்திருக்க மாட்டார். சீட்டில் மனநல மாத்திரையின் பெயரைப் பார்த்த நிமிடமே, எதிரே இருப்பவர் சொல்வதெல்லாம் அந்த நோயிலிருந்து வருவதாகத் தோன்றிவிடுகிறது. வலி என்றால் மனப்பிரமை, தாகம் என்றால் பித்து. பழைய நோயின் நிழல் புது நோயின் மேல் விழுந்து மறைத்துவிடுகிறது. வீட்டில் நீங்களும் அதையேதான் செய்தீர்கள்: சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்ததை அவனுடைய குணம் என்று எடுத்துக்கொண்டீர்கள். குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பாசமுள்ள அக்காவின் கண்ணையே மறைக்கும் நிழல், ஐந்து நிமிடம் பார்க்கும் டாக்டரின் கண்ணை மறைப்பதில் வியப்பில்லை.

இந்த நிழல் உயிரைக் குடிக்கிறது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்கொலையால்தான் என்று பலரும் நினைப்பார்கள். அதுவும் உண்டு, ஆனால் பெரும்பகுதி மாரடைப்பு, சர்க்கரை, நுரையீரல் நோய், தொற்று ஆகியவற்றால் போகிறது. இவற்றில் பலவும் நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முன்கூட்டிக் கண்டுபிடித்து, மருந்து கொடுக்கக்கூடியவை.

என் நினைவை விட்டு அகலாத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். இருதுருவ மனநோய்க்கு லித்தியம் சாப்பிட்டு, பல ஆண்டுகள் நன்றாக இருந்த ஒரு விவசாயி. முழங்கால் வலிக்கு ஓரிடத்தில் வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பிரஷருக்கு இன்னோர் இடத்தில், சிறுநீரைப் பெருக்கும் வகை மாத்திரை ஒன்று. இரண்டுமே லித்தியம் உடம்பைவிட்டு வெளியேறாமல் தேக்கிவிடக்கூடியவை. இரண்டு வாரத்தில் கை நடுக்கம், வாந்தி, வாய் குழறல், தடுமாற்றம். வீட்டில் எல்லோரும் "பழைய நோய் திரும்பிவிட்டது" என்று முடிவு கட்டிவிட்டார்கள். என்னிடம் அழைத்து வந்தபோது நானும் முதல் ஐந்து நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். அவர் மனைவி முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பாலிதீன் பையை அவிழ்த்து, மூன்று இடத்து மாத்திரைகளையும் மேசையில் கொட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் ரத்தத்தில் லித்தியத்தின் அளவைப் பார்க்கச் சொன்னேன். அபாய எல்லையைத் தாண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டார், சிறுநீரகம் மட்டும் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மூன்று இடத்திலும் மருத்துவம் சரியாகத்தான் நடந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஓர் இடம் இல்லாததுதான் அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோனது. அந்த அம்மாவின் பாலிதீன் பைதான் அன்றைக்கு அந்த இடமாக இருந்தது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை, ஒரு நோட்டு வாங்குவது. நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் தம்பி சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரும் அளவும். சித்த மருந்து, லேகியம், கடையில் வாங்கும் வலி மாத்திரை எதையும் விடாதீர்கள். அடுத்த பக்கத்திலிருந்து தேதி போட்டு எடை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர், சர்க்கரை. எந்த டாக்டரிடம் போனாலும் அதே நோட்டில்தான் எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். மனநல டாக்டர் எழுதியதைப் பொது மருத்துவர் படிக்கட்டும், அவர் எழுதியதை இவர் படிக்கட்டும். இருவரும் நேரில் சந்திக்காவிட்டாலும் அந்த நோட்டில் சந்தித்துக்கொள்வார்கள்.

ஓலான்சபின் பசியைத் தூண்டும், எடையைக் கூட்டும், சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றும். இது மனநல மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் தொடங்கும்போதே எடை, பிரஷர், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துக் குறித்து, மூன்று மாதத்தில் மறுபடி பார்த்து, பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. பதினொரு வருடத்தில் உங்கள் தம்பிக்கு எத்தனை முறை அப்படிப் பார்த்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பார்த்திருந்தால் 312 என்பது உங்களுக்குத் திண்ணையில் தெரியவந்திருக்காது. இந்தத் தவறு எங்கள் பக்கத்தைச் சேர்ந்தது. மூளையைக் கவனிக்கிறோம் என்று உடம்பை மறந்த பிசகு.

அதற்காக ஓலான்சபினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். சர்க்கரைக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தி, மூன்றே மாதத்தில் மறுபடி குரல்கள் கேட்கத் தொடங்கி, வீட்டைவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். மனநல டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எடையை இவ்வளவு கூட்டாத வேறு மருந்துக்கு, அரிப்பிப்ரசோல் போன்ற ஒன்றுக்கு, மெதுவாக மாற்ற முடியுமா? அளவைக் குறைக்க இடமிருக்கிறதா? டிரைஹெக்சிபெனிடில் இன்னும் தேவையா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். எப்போதோ நடுக்கத்துக்காகத் தொடங்கிய அந்த மாத்திரை, நடுக்கம் நின்ற பிறகும் ஆண்டுக்கணக்கில் சீட்டிலிருந்து சீட்டுக்குப் பிரதியெடுக்கப்பட்டு வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதையும் அவர் சொல்லும் விதத்தில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சர்க்கரை மாத்திரை தொடங்க மனநல டாக்டரின் அனுமதி வேண்டும் என்று சொன்னார்களே, அதற்குத் தேவையே இல்லை. சர்க்கரைக்கு வழக்கமாக முதலில் கொடுக்கும் மெட்பார்மின், ஓலான்சபினோடு சேர்த்துத் தாராளமாகக் கொடுக்கக்கூடியது. ஓலான்சபினால் கூடும் எடையைக் கொஞ்சம் கட்டுப்படுத்தவும் உதவும். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரே தொடங்கலாம். மாத்திரை அங்கே இலவசம். அவர் தயங்கினால், "இரண்டு மருந்தும் சேர்ந்து போகும் என்று படித்தோம், நீங்கள் சரிபார்த்துத் தொடங்குங்கள் ஐயா" என்று பணிவாகவே சொல்லுங்கள்.

தம்பி பீடி, சிகரெட் பிடிப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால் அதையும் இரண்டு டாக்டர்களிடமும் சொல்ல வேண்டும். புகை, ஓலான்சபினை ஈரல் சீக்கிரம் கரைத்துவிடும்படி செய்கிறது. அதனால் பீடியைத் திடீரென்று விட்டால் அதே அளவு மாத்திரை உடம்பில் கூடுதலாக நிற்கும், தூக்கம் அழுத்தும். விடுவது நல்லது, விடத்தான் வேண்டும். ஆனால் டாக்டருக்குத் தெரிந்து விட வேண்டும்.

டாக்டரின் முன்னால் எதை முதலில் சொல்கிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. "இவனுக்கு மனநோய் சார், வயிறு வலிக்கிறது என்கிறான்" என்று தொடங்காதீர்கள். "இரண்டு மாதமாக வயிற்று வலி, மலம் போய் நான்கு நாள் ஆகிறது, சர்க்கரை 312. வயிற்றைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள்" என்று தொடங்குங்கள். அவர் பார்த்து முடித்ததும் நோட்டைக் காட்டுங்கள். தம்பி பேசக்கூடிய நிலையில்தான் இருக்கிறார் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. வலி எங்கே என்று அவரே விரல் வைத்துக் காட்டட்டும். அக்காவிடம் மட்டும் பேசும் டாக்டரைத் தம்பியின் பக்கம் திருப்புவதும் உங்கள் வேலைதான்.

இனி அம்மா. அவர் சொல்லும் படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் பொய்யில்லை. "ஈசிஜி நன்றாக இருக்கிறது, உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பியது, தம்பிக்கு நடந்த அதே தவறின் மறுபக்கம். அவனுக்கு மனநோய் என்பதால் உடம்பைப் பார்க்கவில்லை; அம்மாவுக்கு உடம்பில் நோய் தெரியாததால் மனதைக் கேட்கவில்லை. நம் ஊரில் அந்த வயதுப் பெண்கள் "மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்று டாக்டரிடம் வந்து சொல்வது அபூர்வம். அவர்களுக்கு மனத்துயரம் உடம்பு வழியாகத்தான் பேசும்: கை கால் குடைச்சல், தலை பாரம், நெஞ்சு அடைப்பு, உச்சந்தலை எரிச்சல். மருத்துவருக்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். பதினொரு வருடமாக ஒரு பிள்ளையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு தாய் "எரிகிறது" என்கிறார். அதைக் கேட்டவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

அந்த இரண்டு கேள்விகளை நீங்களே கேட்கலாம். கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாள்கள் மனம் சோர்ந்து, நம்பிக்கை இல்லாமல் இருந்தீர்களா? முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போனதா? இரண்டில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றால் மனச்சோர்வு இருக்கிறதா என்று முறையாகப் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்க முடியும். ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது, பத்து நிமிடம்கூட ஆகாது. கூடவே ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அவை இரண்டும் இதே போன்ற அசதியையும் படபடப்பையும் தரக்கூடியவை. இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: "செத்துப் போனால் தேவலை என்று எப்போதாவது தோன்றுகிறதா அம்மா?" கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஏற்கெனவே இருந்தால், சொல்லி இறக்கி வைக்க அவருக்கு ஓர் இடம் கிடைக்கும்.

மருந்துக்கடைத் தூக்க மாத்திரை எனக்குக் கவலை தருகிறது. கடைகளில் கேட்டதும் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அல்பிரசோலம் வகையைச் சேர்ந்ததாக இருக்கும். சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும். இந்த வயதில் இரவில் எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கும் அதுவே காரணமாகும். நான்கு மாதம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொல்லும் கணக்கில் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரை வேறு. அதற்கு அடிமையாகும் பயம் இல்லை. ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்திலேயே "இது கேட்கவில்லை" என்று அம்மா நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா? இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனநல சேவையை ஆரம்ப சுகாதார நிலையம் முதல் பெரிய மருத்துவமனை வரை எல்லா நிலைகளிலும் பொது மருத்துவத்தோடு இணைப்பது அரசின் கடமை என்று அதன் 18-ஆம் பிரிவு சொல்கிறது. மனநோய் உள்ளவரை, உடல்நோய் உள்ளவருக்குச் சமமாக எல்லா மருத்துவ சேவையிலும் நடத்த வேண்டும் என்பது 21-ஆம் பிரிவு. தன் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டுப் பெறவும் நோயாளிக்கு அதில் உரிமை உண்டு.

இந்த எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதும் இல்லை. 1970-களிலேயே பெங்களூருவுக்கு அருகே சக்கல்வாராவிலும், சண்டிகருக்கு அருகே ராய்ப்பூர் ராணியிலும், கிராமத்து மருத்துவர்களுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்து, மனநோயை அங்கேயே கவனிக்க முடியும் என்று செய்துகாட்டினார்கள். 1982-இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. பிறகு பெல்லாரி மாவட்டம் முழுவதிலும் அதைச் சோதித்தார்கள். அந்த அனுபவத்தை வைத்து 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் அது முதலில் வந்தது உங்கள் திருச்சி மாவட்டத்துக்குத்தான். அதனால்தான் உங்கள் கடிதம் எனக்குக் கூடுதலாக வலித்தது.

பிறகு ஏன் இன்னும் அலைகிறீர்கள்? நான் உள்ளேயிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். மாவட்ட மனநலக் குழு வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மருத்துவமனைக்குப் போகும். போகும் இடத்தில் தனி அறை, தனிப் பதிவேடு, தனி மருந்து. பக்கத்து அறையில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் இன்னொரு பதிவேடு. இரண்டு பதிவேடுகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. மனநலக் குழு வரும் நாளில் "உங்கள் நோயாளிகள் வந்திருக்கிறார்கள்" என்று அங்குள்ள மருத்துவர் எங்களிடம் சொல்வார். அவர்கள் அவருடைய நோயாளிகளும்தான் என்று புரியவைப்பதற்குள் எங்களுக்கு மாற்றல் வந்துவிடும். பயிற்சி மூன்று நாள் கொடுக்கிறோம். பயிற்சி பெற்றவருக்குச் சந்தேகம் வந்தால் அடுத்த மாதம் யாரைக் கேட்பது என்பதற்கு ஏற்பாடு இல்லை. என்னைக் கேட்டால், மனநலத் திட்டத்தின் பெரிய குறை பணமோ மருந்தோ இல்லை. இந்தத் தொடர்பு அறுந்து கிடப்பதுதான்.

தொடர்பு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. சென்னை, டெல்லி உட்பட நான்கு இடங்களில், சர்க்கரை நோயோடு மனச்சோர்வும் உள்ள 404 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2020-இல் வெளியானது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு, டாக்டர் அல்லாத ஓர் ஒருங்கிணைப்பாளர் தொடர்ந்து போன் செய்து, மனநிலையையும் சர்க்கரையையும் சேர்த்துக் கேட்டுக் குறித்துக்கொண்டு, தேவைப்படும்போது மருத்துவர்களிடம் கொண்டுபோனார். இரண்டு ஆண்டு முடிவில், மனச்சோர்வும் குறைந்து சர்க்கரை, பிரஷர், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது மேம்பட்டவர்கள் இரண்டாவது பிரிவில்தான் அதிகம். கோவாவில், மருத்துவம் படிக்காத உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வைக் கவனிக்கவைத்தார்கள். 2010-இல் வெளியான அந்த ஆய்வும் அரசு நிலையங்களில் நல்ல பலன் கிடைத்ததைக் காட்டியது.

இதைப் படிக்கும்போதெல்லாம் உங்கள் வீட்டுக்கு வந்த அந்தத் தன்னார்வலரைப் போன்றவர்கள்தான் என் நினைவுக்கு வருகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியதிலிருந்து, பிரஷர் கருவியையும் சர்க்கரைக் கருவியையும் தூக்கிக்கொண்டு அவர்கள் வீடுவீடாக நடக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்காக வந்தவர், கேட்காமலேயே தம்பியின் விரலையும் பிடித்துக் குத்திப் பார்த்தார். அவர் அவனை நோயாளியாகப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் இருக்கும் இன்னொரு ஆளாகப் பார்த்தார். பதினொரு வருடம் நாங்கள் தவறவிட்டதை அவர் ஒரு நிமிடத்தில் பிடித்துவிட்டார். இவர்கள் தூக்கிச் செல்லும் பையில், அம்மாவிடம் கேட்கச் சொன்ன மனச்சோர்வுக்கான அந்த இரண்டு கேள்விகளும் இருக்க வேண்டும், "ஆமாம்" என்றால் போன் செய்து பேச மாவட்டக் குழுவில் ஒருவர் இருக்க வேண்டும் என்று பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். இனியும் கேட்பேன். நீங்கள் அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். மாதாமாதம் வரும்போது தம்பியின் எடையையும் சர்க்கரையையும் உங்கள் நோட்டில் எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள்.

குணசீலம் போக வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். தலைமுறை தலைமுறையாக மனம் நொந்தவர்கள் போய் நின்ற சந்நிதி அது. பதினொரு வருடம் சுமந்தவருக்கு இறக்கி வைக்க ஒரு தெய்வம் வேண்டும். மாத்திரை மட்டும் ஒருவேளையும் தவறக் கூடாது, சர்க்கரை மாத்திரை உட்பட. பிரசாதமாகக் கிடைக்கும் பொங்கலையும் சர்க்கரையையும் அளந்து சாப்பிடட்டும். 2001-இல் ஏர்வாடி தர்காவை ஒட்டிய மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் வெந்ததை நாம் மறக்கக் கூடாது. கோயிலானாலும் தர்காவானாலும், பூட்டி வைக்கும் இடத்தில், மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இடத்தில் தம்பியை விட்டுவிட்டு வராதீர்கள்.

உணவைப் பற்றிச் சுருக்கமாக. தாகத்துக்கு கலர், ஜூஸ் கொடுக்க வேண்டாம். தண்ணீரும் மோரும் போதும். டீயில் சர்க்கரையை நிறுத்துங்கள். தட்டில் சோற்றைக் குறைத்து, கீரையும் காயும் பயறும் கூட்டுங்கள். மலச்சிக்கலுக்கும் அதுவே நல்லது. நடக்கச் சொன்னால் தம்பி நடக்க மாட்டார். ஆனால் அம்மா வயல்காட்டுக்குப் போகும்போது கூடவே போகச் சொன்னால் போவார்.

இனிச் செய்ய வேண்டியது இதுதான். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் செய்து, மாவட்ட மனநலக் குழு எந்தக் கிழமை எந்த மருத்துவமனைக்கு வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால், அம்மாவுக்கானாலும் உங்களுக்கானாலும், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்; இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். 104-இலும் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். இரண்டையும் நோட்டின் அட்டையில் எழுதி வையுங்கள்.

நான் மேலே சொன்ன அபாய அறிகுறிகள் இல்லையென்றால், வரும் திங்கட்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுத்து ஊருக்குப் போங்கள். தம்பி காலையில் வெறும் வயிற்றோடு வரட்டும். ரத்தம் எடுத்த பிறகு சாப்பிட நான்கு இட்லி கட்டிக்கொள்ளுங்கள். சுகாதார நிலையத்தில் சீட்டு போடும் இடத்தில் தம்பி பெயருக்கு ஒரு சீட்டு போடுங்கள். துணைக்கு வந்தவர் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடப் பார்ப்பார் உங்கள் அம்மா. அவர் பெயருக்கும் தனியாக ஒரு சீட்டு போடுங்கள்.